மூடாத சட்டி

“மூடவே இல்லைங்க மிஸ்,
விடிய விடிய காத்தாடி ஓடிச்சு”
என்கிறார் பாக்கியவதி.

ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால்
ஆறாவது மாடி அடுப்படி.
சன்னலில் கடலின் சேற்று வாடை.
கீழே யாரோ கிளம்பாத மோட்டார் சைக்கிளை
உதைத்துக்கொண்டே இருக்கிறார்.
சட்டி, கழுவிக் கவிழ்த்திருந்தது.
கழுவியிருக்க வேண்டாம்.
சொல்லவில்லை.

எழுதிக்கொள்கிறேன்:
சின்ன வெங்காயம் எட்டுக் கிலோ,
பூண்டு, காய்ந்த மிளகாய், நெத்திலி,
எண்ணெய், எல்லாம் முங்கும்வரை.
“புளி?”
“கொஞ்சூண்டு. ஆபீஸ் பிள்ளைங்க
சம்பால் இனிப்பா இருக்கணுங்கிறாங்க.”
பேனா அந்த இடத்தில் நின்று
பிறகு நகர்ந்தது.

மண்ணிலிருந்து ஏறி வந்தது அது,
வெங்காயத் தோலின் மடிப்பில்,
கடுகைவிடச் சிறிதாய், அதனினும் மிகமிகச் சிறிதாய்
தன்னைத் தானே பூட்டிக்கொண்டு.
கொதியில் கூட வந்தவை எல்லாம் செத்தன.
இதற்கு அந்தக் கொதி
கதவைத் தட்டிய சத்தம்.

மேலே காற்றாடி. மேலே திறந்த சன்னல்,
ஏழு வீட்டுச் சமையல் மணம், பினாங்கு முழுக்க வீசும் காற்று.
எண்ணெய்க்கு ஒரு விரற்கடை கீழே
வெங்காயத்தின்மேல் வெங்காயம் அப்பிக் கிடந்த இடத்தில்
ஒன்றுமில்லை.
இருந்த கொஞ்சமும் ஆவியோடு போயிருந்தது.
காற்று இருந்தால் வளராது என்று
எங்கள் பயிற்சி ஏட்டில் ஒற்றை வரி.
எங்கே இருந்தால் என்று
அந்த வரிக்குத் தெரியாது.
சட்டியின் வாய்தான் காற்றில் இருந்தது.
வயிறு இல்லை.

அடுப்போரத்து வெதுவெதுப்பில் ஒன்றரை நாள்.
நுரை இல்லை, நாற்றம் இல்லை.

“சம்பாலா இருக்காதுங்க மிஸ்.
நாப்பத்திரண்டு பொட்டலம் வித்தேன்.
ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலியே.”

“விக்கிறதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?”

“எப்பவும்போல கொதிக்க வெச்சேன்.
கால் மணி நேரம், கிண்டிக்கிட்டே.”

“அவர்?”

“அவருக்கு அவசரம். நாலு மணி ஷிப்ட்.
ரொட்டியில தடவிச்
சில்லுனே தின்னுட்டுப் போனாரு.”

நாற்பத்திரண்டு பேரைக் காப்பாற்றியது
தன் அகப்பைதான் என்று அவருக்குத் தெரியாது.
தெரிந்தால் தாங்குவாரா என்று
எனக்குத் தெரியாது.

மறுநாள் தர்மசேகரனின் இமைகள்
தூக்கமில்லாமலே தொங்கின.
“வீட்ல ரெண்டு பாக்கியம் நிக்குது,
ஒண்ணையே சமாளிக்க முடியல” என்றாராம்.
சிரித்தார்களாம்.
பிறகு நாக்கு தடித்தது. தண்ணீர் மூக்கால் வந்தது.
பிறகு தோள். பிறகு நெஞ்சுக்கூடு.
கோலாலம்பூரிலிருந்து இரவோடு இரவாகப்
பாலம் தாண்டி வந்த மருந்து
இரத்தத்தில் அலைந்த நஞ்சைப் பிடித்தது,
நரம்பில் ஏறிவிட்டதை இறக்கவில்லை.
அதற்கு மாதங்கள் ஆகும் என்கிறார்கள்.

நேற்று கண்ணாடிக்கு இப்பாலிருந்து பார்த்தேன்.
எல்லாம் கேட்கிறதாம் அவருக்கு.
நிமிடத்துக்குப் பதினான்கு முறை
இயந்திரம் அவர் மார்பைத் தூக்கி இறக்குகிறது.
காற்றுக்கு ஒளிந்து வளர்ந்த ஒன்று
ஒரு மனிதனிடம் எடுத்துக்கொண்டது
காற்றைத்தான்.
அறிக்கையில் இதற்குக் கட்டம் கிடையாது.

“அப்போ நான் மூடி வெச்சிருந்தா?”

“அப்பவும் இதேதாங்க.”

“தொறந்து வெச்சும் இப்படித்தானா.”

ஃபிரிட்ஜில் வைத்திருக்கலாம். புளி கூட்டியிருக்கலாம்.
அச்சடித்த தாள் பையில் இருக்கிறது,
நான்கு மொழியில்.
எடுக்கக் கை வரவில்லை.

அவர் சட்டியை நிமிர்த்துகிறார்.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
அடியைப் பார்க்கிறார், வெகுநேரம்.
சுத்தமாகத்தான் இருக்கிறது.
கீழே மோட்டார் சைக்கிள்
ஒருவழியாய்க் கிளம்புகிறது.